பத்துப் பேருக்கு விரியும் மேசை

மேசை வீட்டுக்குள் வந்த அன்றிலிருந்து லிஃப்ட்காரர் பாதி நேரம் அதன் அடியில்தான் கிடந்தார். கையில் டார்ச், முதுகுக்குக் கீழே ஒரு பழைய துண்டு. சக்கரம் எங்கே, பல் எங்கே, பூட்டு எங்கே விழுகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே கிடப்பார். "கட்டின பொண்டாட்டி முகத்தை ஒரு நாளாவது இப்படி டார்ச் அடிச்சுப் பாத்திருப்பீங்களா?" என்று மனைவி கேட்டாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முப்பது வருடமாக அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் ஊருக்கே லிஃப்ட்காரர் ஆகிப்போனவர். அப்படிப்பட்டவரை மயக்குகிற மாதிரிதான் அந்த மேசையும் இருந்தது. நான்கு ஒல்லி அலுமினியக் கால்கள். மேலே சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத பீங்கான் பலகை. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை அப்படியே வைக்கலாம், கத்தியால் இழுத்தாலும் கோடு விழாது. மூடியிருந்தால் நாலு பேருக்கு. இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால் நடுவில் பிளந்து, அடியில் ஒளிந்திருக்கும் இன்னொரு பலகை தானாக எழுந்து வந்து உட்காரும். பத்துப் பேர் சாப்பிடலாம். அப்படி எழுந்து வரும் பலகையிடம்தான் அவர் மனதைப் பறிகொடுத்தார். சத்தமே இல்லாமல் ஏறுகிறதே, நம் லிஃப்ட் ஒன்றாவது இப்படி ஏறியிருக்கிறதா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

மேசையை வாங்கியே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் மனைவி. ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஏழு பேர் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். ஆளுக்கொரு மூலையில், மடியில் வைத்துச் சாப்பிட வைக்க முடியுமா? எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டும். இதுவரை வந்த இடங்களில் இதுதான் எல்லா வகையிலும் பொருந்தி வந்த இடம். பையன் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன், மகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். இருவரும் நாலைந்து முறை பேசிப் பிடித்தும் போய்விட்டது. பெரியவர்கள் வந்து சாப்பிட்டுப் போனால் முடிந்தது.

வீட்டில் இன்னொருவரும் இருந்தார். லிஃப்ட்காரரின் அண்ணன். அவரும் அதே தொழில்தான், அதே கம்பெனிதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பி குடும்பமே தன் குடும்பம் என்று இருந்துவிட்டவர். மூன்று வருடத்துக்கு முன் தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதில் ஒரு குழாய். மூச்சு அது வழியாகத்தான். பேச்சு போய்விட்டது. குழாயில் சளி அடைத்தால் உருவிக் கழுவ வேண்டும். ஆழத்தில் அடைத்தால் உறிஞ்சும் மெஷினைப் போட வேண்டும். வெந்நீரும் தொட்டியும் சமையலறையில் இருந்ததால் மெஷினும் அங்கேயே இருந்தது. நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரே வந்து, கண்ணாடியைப் பார்த்துச் சுத்தம் செய்துகொண்டு போவார். இருமல் வந்தால்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு இருமுகிற மனிதர்.

போன வருடம் வேறொரு இடத்திலிருந்து வந்தார்கள். பையனின் அத்தை அந்தக் கழுத்தைப் பார்த்தாள், கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். இது பரம்பரையாக வருவதா என்று கேட்டாள். பீடியும், லிஃப்ட் குழியின் தூசியும் கொடுத்த வியாதி என்று லிஃப்ட்காரர் விளக்கினார். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு ஃபோனை எடுக்கவே இல்லை. மகள் இரண்டு நாள் அழுதுகொண்டே கிடந்தாள். அண்ணன் ஒரு வாரம் அறையை விட்டு வெளியே வரவில்லை.

சூடு பட்டவளாயிற்றே மனைவி. இந்த முறை ஃபோனில் பேசும்போதே சொல்லிவிட்டாள்: பெரியவர் வெளியூரில் ஒரு நண்பர் வீட்டில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைக்குள் வர முடியாது. சொல்லிவிட்டுத்தான் கணவனிடம் சொன்னாள். லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சரி என்றார்.

சனிக்கிழமை மாலை ஒத்திகை பார்த்தார்கள். ஹால் நீளம் ஒன்பதரை அடி. விரித்த மேசை ஒன்பதடி. குறுக்கே போட்டால் யாரும் உட்கார முடியாது. நீளவாக்கில் போட்டால் ஒரு முனை ஜன்னல் சுவரில் முட்டுகிறது, மறு முனை அண்ணன் அறைக் கதவுக்கு அரை அடியில் நிற்கிறது. அது ஒரு காலத்தில் சாமான் போடுகிற அறை. கட்டில் போட்டதும் கதவு உள்ளே திறக்க இடமில்லாமல், லிஃப்ட்காரர்தான் கீலை மாற்றி ஹால் பக்கம் திறக்கும்படி செய்து கொடுத்தவர். மூன்று பேரும் மேசையை இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்த்தார்கள். அண்ணன் தன் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் நோட்டில் எழுதிக் காட்டினார்: கதவு திறக்காது.

மகள் கோபப்பட்டாள். "பெரியப்பாவைப் பூட்டி வச்சுத்தான் எனக்குக் கல்யாணம் ஆகணுமா?" என்றாள். பூட்டவில்லை, மேசைதான் இடிக்கிறது என்று அம்மா பூசி மெழுகினாள். போன வருடம் அழுதது யார் என்றும் கேட்டாள். பேச்சு தடிக்கப் போகிற நேரத்தில் அண்ணன் நோட்டை மகளின் கையிலேயே கொடுத்தார். இரண்டு மணி நேரம்தானே, தூங்கிவிடுவேன் என்று எழுதியிருந்தார். கதவை ஒட்டிய நாற்காலியில் தானே உட்கார்ந்துகொள்வதாகவும், வேண்டுமென்றால் தட்டினால் போதும் என்றும் லிஃப்ட்காரர் சொன்னார்.

தட்டுவது அவர்களுக்குப் புதிதில்லை. லிஃப்ட் குழியில் வேலை செய்கிறவர்களுக்கு வாய்ப்பேச்சு உதவாது. ஒருவர் உச்சியில் மோட்டார் அறையில் இருப்பார், இன்னொருவர் பன்னிரண்டு மாடிக்குக் கீழே இருட்டில் நிற்பார். கத்தினால் எதிரொலிதான் கேட்கும். அதனால் இரும்புத் தண்டில் ஸ்பேனரால் தட்டுவார்கள். மூன்று முறை தட்டினால் 'வா'. அதற்குப் பதில் இரண்டு முறை: 'கேட்டது, வருகிறேன்'. பதில் கிடைத்தவன் மறுபடி தட்டக் கூடாது, நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது. பதில் கொடுத்தவன் வேறு எந்த வேலையையும் தொடக் கூடாது, நேரே போக வேண்டும். அண்ணனுக்குக் குரல் போனபின் இந்த வழக்கம் வீட்டுக்குள் வந்துவிட்டது. மகளுக்கும் அது அத்துப்படி. மனைவிக்குத்தான் ஒன்று இரண்டு மூன்று எல்லாம் ஒரே சத்தம்.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு அண்ணன் குழாயைக் கழுவிச் சுத்தமாக மாட்டிக்கொண்டார். மகள் ஒரு செம்பு தண்ணீரும், கழுத்தில் போட்டுக்கொள்ள ஒரு ஈரத்துணியும் கொண்டுபோய் வைத்தாள். இருமல் வெளியே கேட்காமலிருக்க அறை ஜன்னலை மனைவி சாத்தினாள். லிஃப்ட்காரர் கதவைச் சாத்தினார். பிறகு அவரும் மகளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். நடுப்பலகை எழுந்து வந்து உட்கார்ந்தது. கிளிக் என்று பூட்டு விழுந்தது.

வந்தவர்கள் நல்ல மனிதர்கள். அதுதான் பிறகு லிஃப்ட்காரரை அதிகம் வாட்டியது. பையன், அவன் அம்மா, அக்கா, அக்காவின் கணவர், ஒரு தம்பி, தாய்மாமாவும் அவர் மனைவியும். பக்கத்துக்கு ஐந்து பேராக, முழங்கை இடிக்க உட்கார்ந்தார்கள். சுவர்ப் பக்கம் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க வேண்டுமென்றால் வரிசையே எழுந்திருக்க வேண்டும். லிஃப்ட்காரர் கதவோரக் கடைசி நாற்காலியில், அவருக்கு நேர் எதிரே மகள்.

பையனின் அம்மா மேசையைத் தடவிப் பார்த்து, இத்தனை மெலிசாக இருக்கிறதே, தாங்குமா என்று கேட்டாள். கேட்க வேண்டியதுதான் பாக்கி. லிஃப்ட்காரர் அலுமினியத்தில் ஆரம்பித்து, பல் சக்கரம் வழியாகப் பூட்டு வரை போய்விட்டார். இதன் மேல் நானே ஏறி நின்றாலும் தாங்கும் என்றார். அக்காவின் கணவர் குனிந்து அடியில் பார்த்தார். எல்லாரும் சிரித்தார்கள். சோறு வந்தது, கறி வந்தது, மனைவி பரிமாறிவிட்டுத் தானும் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் கழிந்தது தெரியவில்லை.

கறிக்கிண்ணம் இரண்டாவது சுற்று வரும்போது பையனின் அம்மா, ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தாள். தன் கணவருக்குப் பக்கவாதம் வந்து நாலு வருடம் ஆகிறது. ஒரு பக்கம் முழுதும் வராது, வாயில் எச்சில் ஒழுகும். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். "வீட்ல எங்க கூடவேதான் உக்காந்து சாப்பிடுவார். நான்தான் ஊட்டி விடுவேன். நாளைக்கு உங்க பொண்ணு வந்து பாத்துட்டு, ஏன் சொல்லலன்னு கேக்கக் கூடாது பாருங்க. மறைச்சு வச்சு என்ன செய்யப் போறோம்?" என்றாள்.

மகள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடலாம். இந்தக் கதவுக்குப் பின்னால் என் அண்ணனும் இருக்கிறார் என்று ஒரு வரி, அவ்வளவுதான். லிஃப்ட்காரர் வாயெடுக்கப் போனார். அதற்குள் அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பி, உங்கள் அண்ணன் எப்போது திரும்பி வருகிறார், அவரையும் பார்க்க ஆசையாக இருக்கிறது என்றாள். மனைவி முந்திக்கொண்டு, இரண்டு மூன்று நாளில் வந்துவிடுவார் என்றாள். மறைக்க வேண்டிய காரணம் போய்விட்டது, பொய் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தது. இப்போது சொன்னால் நோய்க்காரர் வீடு என்ற பேச்சு வராது; பொய்க்காரர் வீடு என்றுதான் வரும். லிஃப்ட்காரர் சோற்றைப் பிசைந்தார்.

அந்த நேரத்தில்தான் கதவு தட்டப்பட்டது. மூன்று முறை. உரக்க இல்லை.

தாய்மாமா தலையைத் திருப்பி, யாரோ தட்டுகிற மாதிரி இருக்கிறதே என்றார்.

"தண்ணிக் குழாய்ங்க. மேல் வீட்ல மோட்டார் போட்டா இப்படித்தான்" என்றார் லிஃப்ட்காரர். குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

சொல்லிக்கொண்டே மேசைக்கு அடியில் காலை நீட்டினார். கதவின் அடிப்பக்கத்தில் கால் நுனியால் இரண்டு முறை இடித்தார். யோசித்துச் செய்ததில்லை. முப்பது வருடப் பழக்கம் காலில் ஊறிக் கிடந்தது. கேட்டது, வருகிறேன். உள்ளே சத்தம் அடங்கியது. எதிரே மகளின் தோள் தளர்வதை அவர் பார்த்தார். அப்பாடா என்று அவருக்கும் மூச்சு வந்தது. சத்தம் நின்றதில் வந்த நிம்மதி அது. அதை நினைத்தால் இன்றும் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

போகத்தான் நினைத்தார். போக வேண்டுமென்றால் ஏழு பேரையும் எழுப்ப வேண்டும். பாதி சாப்பிட்ட கையோடு சுவரோரம் நிற்க வைக்க வேண்டும். பாத்திரங்களை இறக்க வேண்டும், பூட்டை விடுவித்து மேசையைச் சுருக்க வேண்டும், பிறகு அத்தனை பேர் முன்னால் கதவைத் திறக்க வேண்டும். இந்தக் கறி முடியட்டும் என்று நினைத்தார். கறி முடிந்ததும் இனிப்பு வந்தது. இனிப்பு முடியட்டும் என்று நினைத்தார். தாய்மாமா தன் பழைய முதலாளியைப் பற்றி ஒரு கதையை எடுத்தார். நல்ல கதை. நடுவில் எழுந்தால் நன்றாக இருக்காது. அதற்குள் கதவும் மறுபடி தட்டப்படவில்லை. தானே சரி செய்துகொண்டிருப்பார், ஈரத்துணி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, தூங்கியிருப்பார். இப்படி ஒவ்வொன்றாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மகள் இரண்டு முறை அவரைப் பார்த்தாள். அவர் இமையை மூடித் திறந்தார், போகிறேன் என்கிற மாதிரி. பிறகு அவளும் பையனும் பால்கனிக்குப் பேசப் போனார்கள். அவள் எழுந்தபோது அந்த வரிசையே எழுந்து வழிவிட்டு மறுபடி உட்கார்ந்தது.

அவர்கள் கிளம்பும்போது மணி மூன்றரை. பையனின் அம்மா வாசலில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். லிஃப்ட் கதவு மூடுகிற வரை மனைவி சிரித்த முகமாக நின்றாள். லிஃப்ட்காரர் அதற்கு முன்பே உள்ளே ஓடியிருந்தார்.

மகள் இரு கையாலும் பாத்திரங்களை வாரிச் சோபாவில் போட்டாள். அவர் பூட்டின் நெம்புகோலை அழுத்தினார். ஆளுக்கொரு முனையில் நின்று தள்ளினார்கள். நடுப்பலகை சத்தமில்லாமல் இறங்கி மடிந்து அடியில் போய்ப் படுத்தது. எங்கும் சிக்கவில்லை, எங்கும் இழுக்கவில்லை. முழுதும் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த மேசை கேட்டது ஒரே ஒரு நிமிடம்தான்.

கதவைத் திறந்ததும் அண்ணன் அவர் காலின் மேல் சாய்ந்தார். கதவில் முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்திருந்திருக்கிறார். உள் குழாயை உருவிக் கையில் வைத்திருந்தார். அடைப்பு அதற்கும் கீழே, அவர் விரலுக்கு எட்டாத ஆழத்தில் இருந்தது. மூடிய அறையில் ஈரத்துணி காய்ந்து மொறமொறவென்று கிடந்தது. மகள் மெஷினுக்காகச் சமையலறைக்கு ஓடினாள். லிஃப்ட்காரர் அண்ணனின் கன்னத்தைத் தட்டினார், மார்பைப் பிடித்து அழுத்தினார், அண்ணே அண்ணே என்று கூப்பிட்டார். மெஷின் ஓடியது. அது கர்கர்ரென்று இழுத்த சளியைத் தவிர வேறொன்றும் அசையவில்லை.

இரண்டாம் மாடி டாக்டர் வந்து பார்த்தார். உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்றார். யாரும் பக்கத்தில் இல்லையா என்று கேட்டார். லிஃப்ட்காரர் குனிந்து மெஷினின் வயரைச் சுற்ற ஆரம்பித்தார். டாக்டர் திரும்பிக் கேட்கவில்லை.

மனைவி முதலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். உண்மையாகத்தான் அழுதாள், மூன்று வருடம் அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள். அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனி ஆக வேண்டியதைப் பார்க்க ஆரம்பித்தாள். அண்ணனைக் கட்டிலில் கிடத்தச் சொன்னாள். சாயங்காலம்தான் ஊரிலிருந்து வந்தார், வந்து படுத்தவர் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொல்லிவிடலாம் என்றாள். போனவர் போய்விட்டார், இருக்கிறவள் வாழ வேண்டாமா? அவரே உயிரோடு இருந்தால் அப்படித்தான் எழுதிக் காட்டுவார் என்றாள். அதுவும் பொய்யில்லை என்பதுதான் லிஃப்ட்காரரைக் கொன்றது. அவர் அண்ணனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஐந்து மணிக்கு ஃபோன் வந்தது. பையனின் அம்மா. மனைவி ஸ்பீக்கரைப் போட்டு அவர் கையில் கொடுத்து, கண்ணாலேயே கெஞ்சினாள். அந்த அம்மாள் குரல் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னதாகவும், அவர் சிரித்ததாகவும் சொன்னாள். எங்களுக்குப் பூரண சம்மதம், உங்கள் அண்ணன் ஊரிலிருந்து வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நாள் குறிக்கலாம் என்றாள்.

லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். மகளைப் பார்க்கத் துணிவில்லை.

"அவர் ஊருக்கெல்லாம் போகலம்மா" என்றார். "நாம சாப்பிட்டப்ப இங்கதான் இருந்தார். என் பக்கத்துல, அந்தக் கதவுக்குப் பின்னால. இப்ப இல்லை."

அந்தப் பக்கம் யாரோ தூரத்தில் குழறலாக ஏதோ கேட்பதும், இரு வருகிறேன் என்று அந்த அம்மாள் சொல்வதும் கேட்டது. பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அந்தத் தண்ணிக் குழாய்ச் சத்தம்?"

"அவர்தான்."

மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் அவள் ஃபோனை வைத்துவிட்டாள். மனைவி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவளுக்கு அதற்கும் தெம்பில்லை.

மகள் பெரியப்பாவின் கழுத்தை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கைவிட்டுப் போன கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் அவள் பக்கத்தில் போய் நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. நான் சொல்லியிருக்க வேண்டும் என்றோ, என்னை மன்னித்துவிடு என்றோ. அவள்தான் பேசினாள். கோபமாகக்கூட இல்லை.

"நீங்க காலால பதில் குடுத்தது எனக்கும் கேட்டுதுப்பா" என்றாள். "அப்பா போயிடுவார்னு நெனச்சுத்தான் நானும் எழுந்திருக்கல."

துணியைப் பிழிந்துவிட்டு மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.